அமாவாசைக்குப் பதிலாக அஷ்டமி

இடுப்பளவு தண்ணீரில் இசக்கி நின்றுகொண்டிருந்தாள். நீலச் சுடிதார். துப்பட்டாவை இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தாள். வலது கை தோள்வரை கடலுக்குள் போயிருந்தது. முகத்தை மட்டும் எங்கள் பக்கம் திருப்பி, "இங்க இருக்கு சார்! கைக்குத் தட்டுப்படுது சார்!" என்று ஹிந்தியில் கத்தினாள்.

கரையில், தடுப்புச் சுவரை ஒட்டி, கமிட்டிக்காரர்கள் நான்கு பேர் நின்றார்கள். ஒருவர் குடை பிடித்திருந்தார். இன்னொருவர் ஷூ நனையாத இடமாகத் தேடித் தேடிக் கால் வைத்தார். டிவிக்காரர்கள் இரண்டு பேர் கேமராவை இறக்கி வைத்துவிட்டு வடாபாவ் தின்றுகொண்டிருந்தார்கள்.

மணி பதினொன்றரை. டீசலும் கருவாடும் கலந்த காற்று. நான் ஃபைலை மார்போடு அணைத்தபடி கமிட்டிக்காரர்கள் பக்கத்தில் நின்றேன். என் புடவை நுனிகூட நனையவில்லை.

போன வாரங்களில் என் முதல் கடற்கரை நடையைப் பற்றியும், கோர்ட் வாசலில் காத்துக் கிடந்ததைப் பற்றியும் எழுதினேன். வாசகர்கள் சிலர் என்னைக் "கடலம்மா" என்று அழைத்துக் கடிதம் போட்டிருக்கிறார்கள். இந்த வாரம் படித்துவிட்டு அந்தப் பட்டத்தைத் திருப்பி வாங்கிக்கொள்வதானால் வாங்கிக்கொள்ளுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கமிட்டி எதற்கு வந்தது

அந்தக் கரையின் பெயர் வேண்டாம். இப்போது அங்கே கரை இல்லை, நடைபாதையும் பூந்தொட்டிகளும் இருக்கின்றன. அப்போது ஒரு கிரிக்கெட் மைதானம் அளவுக்குக் கரும்பாறைகள் கடலுக்குள் நீண்டிருந்தன. அதைக் கல்லும் மண்ணும் கொட்டி மூட வேண்டும் என்று திட்டம். மூடக்கூடாது என்று நாங்கள்.

எங்கள் கையில் இருந்த ஒரே ஆயுதம் பவளம். ஆமாம், மும்பையில், அத்தனை சாக்கடையும் கலக்கிற தண்ணீரில், பாறையோடு பாறையாக உயிருள்ள பவளம் இருந்தது. பவளம் இருக்கிற இடத்தில் சட்டம் லேசில் கை வைக்க விடாது. அதிகாரிகளிடம் போட்டோக்கள் கொடுத்தோம். "எங்கே எடுத்ததோ, யார் கண்டது? நேரில் வந்து பார்க்கிறோம்" என்றார்கள். அதுதான் கமிட்டி.

இங்கே கடலைப் பற்றி ஒரு சின்ன விஷயம் சொல்லிவிடுகிறேன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் நிறைய ஏறும், நிறைய இறங்கும். அப்படி நன்றாக இறங்குகிற ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில்தான் கடைசி வரிசைப் பாறைகள் தலை காட்டும். எங்கள் பவளம் அந்தக் கடைசி வரிசையில்தான் இருந்தது. அஷ்டமியை ஒட்டிய நாட்களிலோ கடல் சோம்பேறி. ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. ஏற்ற இறக்க அட்டவணையான டைட் டேபிளில் "இறக்கம், பகல் பன்னிரண்டு மணி" என்று போட்டிருப்பான். பக்கத்தில் தண்ணீரின் உயரமும் போட்டிருப்பான். நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு உயரத்தைப் பார்க்காமல் கிளம்புவது இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது செய்கிற தப்பு.

கமிட்டி வந்த அன்று அஷ்டமி.

மீன் தின்னாதவள்

நான் மாட்டுங்காவில் பிறந்தவள். பாலக்காட்டிலிருந்து வந்த குடும்பம். அப்பா ரயில்வேயில் கிளார்க். எங்கள் பில்டிங்கில் யாராவது முட்டை வாங்கினாலே மூன்றாவது மாடிவரை செய்தி போய்விடும். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவள் விலங்கியல் படித்து, மீனுக்காக வாதாடப் போனால் என்ன ஆகும்?

ஒரு தடவை கோலிவாடாவில், மீனவர் குடியிருப்பில், மீன் கூடை முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாளிடம், என் புத்தக மராத்தியில், கடலில் மீன் வளம் குறைவதைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "நீ மீன் சாப்பிடுவியா?" என்றாள். இல்லை என்றேன். "அப்போ குறைஞ்சா உனக்கென்ன, கூடினா உனக்கென்ன? மூக்கிலேர்ந்து முதல்ல அந்தக் கர்ச்சீப்பை எடு" என்றாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அதற்காக நான் விட்டுவிடவில்லை. அறிக்கை எழுதினேன், மனு எழுதினேன், ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினேன். எங்கள் அமைப்பு சிறியது, செம்பூரில் ஒரு மாடியில் இரண்டு அறை. பதினைந்து வருஷத்துக்கு மேல் அந்த இரண்டு அறையைத் தாங்கிப் பிடித்தது நான்தான். இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, வேறு யாரும் சொன்னதில்லை.

பிறகு இசக்கி வந்தாள்

தாராவிப் பெண். என்னைவிட ஆறேழு வயது சின்னவள். அப்பாவுக்கு தொண்ணூறடி ரோடு பக்கம் பலசரக்குக் கடை, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பி.காம். படித்துவிட்டு எங்களிடம் கணக்கு டைப் அடிக்க வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேடிக்கை பார்க்கலாம் என்று எங்களோடு பாறைக்கு வந்தவள் திரும்பும்போது முழங்காலில் ரத்தம், முகமெல்லாம் சிரிப்பு.

"ஏக்கா, இம்புட்டும் நம்ம ஊர்லயா கெடக்கு? இத்தன வருசம் ஒருத்தரும் சொல்லலியே!"

ஆறு மாதத்தில் பாறையில் எந்தக் குழியில் எது இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். ஒரு வருஷத்தில் கோலிவாடாவில் இருக்கிற கிழவிகள் எல்லாம் அவளுக்கு ஆயி. என் கர்ச்சீப்பைப் பார்த்துச் சிரித்த அதே அம்மாள் இவளுக்கு பொம்பில் மீன் வறுத்துக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். இசக்கி முள்ளைத் துப்பியபடியே, நான் மூன்று வருஷமாகக் கேட்டும் கிடைக்காத விவரங்களை எல்லாம் கேட்டு வாங்கிவந்தாள்.

சந்தோஷப்பட வேண்டியதுதானே? நானும் சந்தோஷப்பட்டேன், ஒரு மாதம்போல.

வயிற்றெரிச்சல்

முதலில் ஒரு பேப்பரில் எங்கள் இருவரையும் சேர்த்துப் போட்டோ எடுத்தார்கள். மறுநாள் வந்தபோது அவள் முழுசாக இருந்தாள், அவள் பக்கத்தில் என் முழங்கை இருந்தது. அடுத்து டிவி. அடுத்து காலேஜ்களில் கூப்பிட ஆரம்பித்தார்கள். அமைப்பின் பிரசாரத் தலைமையும் அவளுக்கே போனது. கேள்வி கேட்டால் நான் "ஆய்வுகளின்படி" என்று ஆரம்பிப்பேன். அவள் "போன வாரம் நான் பார்த்தேன்" என்று ஆரம்பிப்பாள். யார் பேச்சைக் கேட்பார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. இவர் ஒருநாள் டிவி முன்னால் காபியை உறிஞ்சிக்கொண்டே, "அந்தப் பொண்ணு நன்னா பேசறா, இல்ல?" என்றார். நான் மிக்ஸியை ஓட விட்டேன். சட்னி அரைத்து முடிந்தும் நிறுத்தவில்லை. என் பெண் இசக்கியின் வீடியோவைத் தன் ஸ்டேட்டஸில் வைத்திருந்தாள். பெற்று வளர்த்த இந்தப் பதினெட்டு வருஷத்தில் என் போட்டோ ஒன்றுகூட அந்த ஸ்டேட்டஸில் வந்ததில்லை.

இந்தப் பொறாமையில் ஒரு கஷ்டம், அவள்மேல் குற்றம் சொல்ல எதுவும் இருக்காது. தலைக்கனம் இல்லை. என்னைக் கேட்காமல் ஒரு காகிதம் அனுப்பமாட்டாள். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்து முறுக்கு கொடுப்பாள், புது வருஷத்துக்கு அவள் அப்பா கடையின் தினசரி காலண்டர் கொடுப்பாள். கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

பிறகு வெளிநாட்டில் ஒரு கடல் மாநாடு. அமைப்பிலிருந்து ஒருவர் போகலாம். நான் சூட்கேஸைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்தே வைத்துவிட்டேன். அழைப்பு அவள் பெயருக்கு வந்தது.

ஒரு வார்த்தை

அவள் அங்கே போயிருந்த சமயத்தில்தான் போன் வந்தது. சனிக்கிழமை காலை. நான் சமையலறையில் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். கமிட்டி ஆபீஸ் கிளார்க். மரியாதையான மனிதர்.

வருகை ஏற்கெனவே முடிவாகியிருந்தது. அடுத்த புதன்கிழமை, மாலை ஐந்தரை. இசக்கி நாள் பார்த்து, நேரம் பார்த்து, அவர்களோடு மல்லுக்கட்டி வாங்கிய தேதி அது. மாநாட்டைப் பாதியிலேயே விட்டுவிட்டு அதற்காகத் திரும்பி வருவதாகவும் இருந்தாள்.

"மேடம், அன்னிக்கு அமாவாஸ்யா இல்லையா? எங்க சாஹேப் அமாவாஸ்யா சாயங்காலம் சமுத்திரப் பக்கம் போகமாட்டார். வீட்டில் விடமாட்டார்கள். அதற்கடுத்த புதன், காலை பதினொன்று. சலேகா? பரவாயில்லையா?"

நமக்கு அமாவாசை நல்ல நாள். கடை திறப்போம், வண்டி வாங்குவோம். இங்கே பல பேருக்கு அது ஆகாத நாள். அந்தக் கிளார்க் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. அவருக்குத் தேதி என்றால் தேதி, அவ்வளவுதான்.

எதிரே சுவரில் காலண்டர் தொங்கியது. இசக்கி அப்பா கடைக் காலண்டர். புளிக்கையோடு தாள்களைத் தூக்கிப் பார்த்தேன். அதற்கடுத்த புதன்: அஷ்டமி. சந்தேகத்துக்கு இடம் இருக்கக்கூடாது என்று, ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, போனில் டைட் டேபிளையும் திறந்தேன். நேரத்தையும் பார்த்தேன். உயரத்தையும் பார்த்தேன். கடைசி வரிசைப் பாறை தண்ணீருக்குள்தான் இருக்கும்.

"முடியாது, சாஹேபுக்கு நான் எடுத்துச் சொல்கிறேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். எத்தனை ஆபீஸர்களிடம் சண்டை போட்டிருக்கிறேன்! ஆனால் அந்த நேரம் என் மனசில் கேமராக்கள்தான் ஓடின. மாலை வெயிலில் ஈரப் பாறைமேல் இசக்கி நிற்பாள். நான்கு ஆபீஸர்களும் குனிந்து அவள் காட்டுவதைப் பார்ப்பார்கள். மறுநாள் பேப்பரில் அவள் இருப்பாள், என் முழங்கை இருக்கும்.

"சலேகா" என்றேன்.

அவ்வளவுதான். புளியைக் கரைத்து முடித்தேன். ரசம் அன்று நன்றாக இருந்ததாக இவர்கூடச் சொன்னார்.

இசக்கிக்கு மெசேஜ் அனுப்பினேன். தேதி மாறியது, அதற்கடுத்த புதன், காலை பதினொன்று, இறக்கம் பன்னிரண்டு மணி சுமார். ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. "நல்லதுக்கா, நன்றிக்கா. அப்ப மாநாடு முடிச்சிட்டே வாரேன்" என்று பதில் வந்தது. நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவள் டேபிளைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

தன் மூக்கை அறுத்துக்கொண்டு எதிரிக்குச் சகுனத் தடை செய்கிறவனைப் பற்றிச் சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கிறோம். கேட்டுச் சிரித்தும் இருக்கிறோம். அந்தப் பாறை இசக்கியுடையது இல்லை. பதினைந்து வருஷம் நான் கட்டிக் காத்தது.

உடைத்துக் காட்டச் சொன்னார்கள்

அந்தப் புதன்கிழமை காலை ஆறு மணிக்கு போன் செய்தாள். முந்தின நாள்தான் ஊர் திரும்பியிருந்தாள்.

"அக்கா, இப்பத்தான் டேபிளப் பாத்தேன். இன்னைக்குத் தண்ணி எறங்காதுக்கா! என்ன செய்ய?"

"அப்படியா?" என்றேன்.

சலேகா ஒரு பாவம் என்றால் இந்த அப்படியா இன்னொன்று. அவள் கமிட்டி ஆபீஸுக்கு போன் மேல் போன் போட்டாள். இன்று விட்டால் இனி வரமுடியாது, அறிக்கை அடுத்த வாரம் போக வேண்டும் என்றார்கள்.

அதனால்தான் தண்ணீரில் இறங்கினாள். எங்கள் கடல் கலங்கல், முழங்கை போனால் விரல் தெரியாது. அவள் கையால் தடவித் தடவியே ஒவ்வொன்றாகச் சொன்னாள். இது பவளம், இது கடல் சாமந்தி, தொட்டதும் சுருங்குது சார், இங்கே நண்டு. குடை பிடித்த ஆபீஸர் நல்ல மனிதர்தான். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "மகளே, நீ சொல்வது உண்மையாக இருக்கலாம். நாங்கள் கண்ணால் பார்த்ததை எழுத வேண்டும். ஒரு துண்டு உடைத்து எடுத்துவந்து காட்டிவிடு, போதும்" என்றார்.

இசக்கி அசையாமல் நின்றாள். ஓர் அலை வந்து அவள் மார்புவரை நனைத்துவிட்டுப் போனது. என்னைப் பார்த்தாள். நான் ஃபைலைப் பார்த்தேன்.

"ஒடச்சா செத்துரும் சார்" என்றாள்.

"ஒரு துண்டுதானே?"

"நாப்பது, அம்பது வருசமா வளந்தது சார். செத்துரக் கூடாதுன்னுதான உங்களக் கூட்டியாந்தோம். நானே ஒடைக்கவா?"

ஆபீஸர் வாட்சைப் பார்த்தார். டிவிக்காரர்கள் கேமராவைப் பைக்குள் வைத்தார்கள். எல்லாரும் வண்டி ஏறிய பிறகுதான் அவள் வெளியே வந்தாள். கையெல்லாம் சிராய்ப்பு. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் உடைத்திருப்பேன். அது அப்போதே எனக்குத் தெரிந்தது. நான் நினைத்தது நடந்துவிட்டது, அவள் தோற்றுவிட்டாள். ஆனாலும் அந்த நிமிஷத்தில் அவள்மேல் எனக்கிருந்த பொறாமை மாநாட்டுப் பொறாமையைவிடப் பெரியது.

நாற்காலி

"பாறைகள் உள்ளன. குறிப்பிடத்தக்க உயிரினம் எதுவும் காணப்படவில்லை" என்று அறிக்கை வந்தது. மேலே மேலே போனோம். எங்கே போனாலும் அந்த ஒரு வரியைக் காட்டினார்கள். மழை முடிந்ததும் லாரிகள் வந்தன.

எங்கள் அமைப்புக்குள் விசாரணை வைத்தார்கள். தேதியை யார் ஒப்புக்கொண்டது என்று கேள்வி. நான் வாயைத் திறப்பதற்குள் இசக்கி எழுந்து, "என் பொறுப்புதான். நான் கவனிக்காம விட்டுட்டேன்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மெசேஜ் அவள் போனில் இருந்தது. அதைக் காட்டவே இல்லை. பிரசாரத் தலைமையிலிருந்து அவளை எடுத்தார்கள். இரண்டு மாதத்தில் வேலையை விட்டுவிட்டாள். சீத்தா கேம்ப் பக்கம், சதுப்பு நிலக் காட்டில் நண்டு பிடிக்கிற பெண்களோடு சேர்ந்து ஏதோ செய்கிறாள் என்று கேள்விப்பட்டேன்.

அந்த நாற்காலி எனக்கு வந்தது. பிறகு வந்த மேடைகள், சால்வைகள், விருது, கடைசியாக இந்தத் தொடர், எல்லாம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபின் வந்தவை.

மாட்டுங்கா, போன மாதம்

இந்த அத்தியாயத்தை எழுதுவதற்கு முன் அவளைப் பார்க்கவேண்டும் என்று தோன்றியது. கூப்பிட்டேன், வந்தாள். ஸ்டேஷன் எதிரே, எங்களுக்குப் பழக்கமான ஹோட்டல். மத்தியானம், கூட்டம் இல்லை. முகம் கறுத்திருந்தாள். விரல்களில் சேறு ஏறிய கோடுகள்.

"உங்க தொடர் எல்லாம் படிச்சேன்க்கா. அப்பா வாரா வாரம் வாங்கி, கடைக்கு வாரவங்க கிட்டல்லாம் காட்டுதாவ."

"அந்த புதன்கிழமையை எழுதணும்னு இருக்கேன், இசக்கி."

"எழுதுங்க. தேதிய மட்டும் எம்பேர்லயே போட்டுருங்க."

"ஏன் அப்படிச் சொல்றே?"

அவள் இட்லியைப் பிட்டுக்கொண்டே சிரித்தாள். "அந்த கிளார்க் அன்னைக்கே சொல்லிட்டாருக்கா, பெரிய மேடம்தான் சலேகான்னாங்கன்னு. அக்கா அவசரத்துல நேரத்தப் பாத்துட்டு உயரத்தப் பாக்காம விட்டுட்டாவன்னு நெனச்சேன். நீங்க அந்த ஃபைலக் கட்டிப் பிடிச்சிட்டு நின்ன நெலையப் பாக்கவே பாவமா இருந்துச்சு. ஏற்கெனவே ஆபீஸ்ல உங்களப் பழசுன்னு சொல்லிட்டுத் திரிஞ்சாங்க. இதும் தெரிஞ்சா சும்மா விடுவாங்களா? நான் சின்னவ, எனக்கு வேற வேல கெடைக்கும். அதான் ஏத்துக்கிட்டேன்."

பாவமா!

நான் மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். ராத்திரியெல்லாம் வாக்கியங்களைத் தயார் செய்திருந்தேன். அவள் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னதும் எல்லாம் மறந்து போனது. இத்தனை வருஷமாக இவள் என்னைப் பார்த்து இரக்கப்பட்டிருக்கிறாள். கடலைப் பற்றி அ, ஆ தெரியாதவள் என்று நினைத்து என்னைக் காப்பாற்றியிருக்கிறாள்!

"எனக்குத் தெரியும்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. "அஷ்டமின்னு தெரியும். உயரமும் பார்த்தேன். தண்ணி இறங்காதுன்னு நன்னாத் தெரிஞ்சுதான் சொன்னேன். டைட் டேபிள் பார்க்கத் தெரியாதவள்னு நீ நினைச்சுண்டிருக்க வேண்டாம்."

அவள் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

"டிவில நான் வந்துட்டிருந்தேனே... அதுக்கா?"

நான் தலையாட்டினேன். காபி ஆறிக்கொண்டிருந்தது. கல்லாவில் இருந்தவர் யாருடனோ மலையாளத்தில் கிரிக்கெட் ஸ்கோர் பேசிக்கொண்டிருந்தார். இசக்கி பாதி இட்லியோடு தட்டைத் தள்ளி வைத்தாள்.

"என்னைய ரெண்டு வார்த்த திட்டியிருக்கலாம்லா" என்றாள் கடைசியில். "ஆபீஸ விட்டே போன்னு சொல்லியிருந்தாலும் போயிருப்பேன். அந்தப் பாறை என்ன செஞ்சுச்சு?"

எழுந்து போய்க் கை கழுவினாள். திரும்பி வந்து பையைத் தோளில் மாட்டினாள்.

"வாரேன் மேடம்" என்றாள்.

அவள் தெருவைக் கடந்து ஸ்டேஷன் படியேறுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. வேலை போய், பெயர் போய், பாறையும் போய், ஒருத்தியால் இத்தனை நிமிர்ந்து நடக்க முடிகிறதே என்று, அப்போதும் எனக்கு அவள்மேல் பொறாமையாகத்தான் இருந்தது.